மணிக்கு ஒருமுறை காணாமல் போன பர்மிஷன்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நைட் ஷிஃப்டில் யாராவது பாஸ்வேர்டை மறந்தால் வில்லியனூரில் தூங்கும் என்னைத்தான் எழுப்புவார்கள். சரி, ஹெல்ப்டெஸ்க் பையன்களே மாற்றிக்கொள்ளட்டும் என்று, கம்பெனியின் எல்லா அக்கவுண்ட்களும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அந்த உரிமையை மட்டும் அவர்கள் குரூப்புக்குக் கொடுக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய டொமைன் அட்மின் ஆக்கிவிட்டால் அஞ்சு நிமிட வேலை. அதற்கு வீட்டுச் சாவியையே கொடுத்துவிடலாம்.

ஊழியர்களின் அக்கவுண்ட்கள் இருக்கும் ஓயூ, அதாவது ஃபோல்டர் மாதிரியான ஒன்று, அதன் மேல் உரிமை கொடுக்கும் டிஎஸ்ஏசிஎல்எஸ் கமாண்ட். 'ரீசெட் பாஸ்வேர்டு' மட்டும் போதாது. அடுத்த லாகினில் மாற்றச் சொல்லும் டிக் விழ வேண்டுமென்றால் 'பிடபிள்யூடி லாஸ்ட்செட்', பூட்டிய அக்கவுண்டைத் திறக்க 'லாக்அவுட்டைம்', இரண்டையும் எழுதும் உரிமையும் வேண்டும்.

எல்லோருக்கும் வேலை செய்தது, நாலு பேரைத் தவிர. அந்த நாலு அக்கவுண்டிலும் நேரடியாகவே பர்மிஷன் போட்டேன்.

"அண்ணே, மத்தியானம் மாத்த முடிஞ்சுது, இப்ப மறுபடியும் அக்சஸ் டினைடுன்னு வருது."

நீ எதையாவது கிளறியிருப்பாய் என்று பையனைத் திட்டிவிட்டேன். பிறகு நானே போட்டுப் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்து, உரிமைப் பட்டியலைக் காட்டும் கெட்-ஏசிஎல் அடித்தால், நான் சேர்த்த வரியே இல்லை!

விஷயம் இதுதான். பிரிண்டர் மக்கர் செய்தால் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று யாரோ அந்த நாலு பேரையும் பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். விண்டோஸுக்கு அது பாதுகாக்கப்பட்ட குரூப். டொமைன் சர்வர்களில் பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பில் இருப்பது, 60 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அக்கவுண்ட்களின் உரிமைகளை அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற மாதிரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அழித்து எழுதிவிடும், ஓயூவிலிருந்து இறங்கும் உரிமையையும் வெட்டிவிடும். பையன் பாவம்.

குரூப்பை விட்டு எடுத்தாலும் தானாகச் சரியாகாது. பாதுகாக்கப்பட்டது என்று காட்டும் அட்மின்கவுண்ட் 1 என்றே நிற்கும், வெட்டியது வெட்டியபடியே இருக்கும். அட்மின்கவுண்டைக் காலி செய்து, ஓயூவின் உரிமை மறுபடி இறங்குவதற்காக செட்அக்சஸ்ரூல்புரொடெக்‌ஷனை ஃபால்ஸ் ஆக்கி, அதை எழுதிவைக்க செட்-ஏசிஎல் கொடுத்தேன்.

லூப்பில் மொத்தமாக ஓட்டவில்லை. அக்கவுண்ட்களைத் தேடும் கெட்-ஏடியூசரில் அட்மின்கவுண்ட் 1 என்று வடிகட்டினால், விண்டோஸின் சொந்த அக்கவுண்ட்களான அட்மினிஸ்ட்ரேட்டரும் கேஆர்பிடிஜிடியும் சேர்ந்தே வரும், அவற்றைத் தொடக்கூடாது. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் என் பெயர். தினமும் மெயில் பார்க்கிற அதே அக்கவுண்ட், டொமைன் அட்மின்ஸில்.