‘நம்மால் என்ன ஆகும்?’ என்று கேட்டவர்களோடு: தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பென்னாகரம் பகுதியிலிருந்து, ஓர் ஆசிரியை:

அரசுப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். சுற்றுச்சூழல் ஆபத்துகளைப் பற்றி ஊர்மக்களிடம் பேசச் செல்பவர்கள் பெரும்பாலும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சு எங்கள் பக்கத்தில் யாரையும் எழுந்து நிற்க வைத்து நான் பார்த்ததில்லை. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற தாது உப்பு மிகுதி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். தெரிந்திருந்தும், “இது இந்த மண்ணோட குணம், நம்மால என்ன ஆகும்?” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு சிற்றூரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதிலிருந்து அவ்வூருக்குக் காவிரி நீர் வருகிறது. ஆனால் அதைக் குடிப்பதற்கு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. களி கிளறுவதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலை நீரில் இருக்கும் ஃபுளோரைடு முழுவதும் அந்தக் களியோடு வயிற்றுக்குள் போகிறது.

நீர்ப் பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சென்று, கைப்பம்பின் மேடையிலேயே அமர்ந்தோம். ஒரு சோதனைக் குழாயில் காவிரி நீர், இன்னொன்றில் கைப்பம்பு நீர். இரண்டிலும் வேதிக்கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டதும் முதல் குழாய் இளஞ்சிவப்பாகவே நின்றது. இரண்டாவது மெல்ல மெல்ல வெளுத்து மஞ்சளாயிற்று. ஃபுளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு நிறம் அழிந்துகொண்டே போகும். நிற அட்டையில் வைத்துப் பார்த்தபோது, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச அளவையும் தாண்டிய கட்டத்தோடு அது ஒத்துப்போனது. சுற்றி நின்ற பெண்களில் மூத்தவர், “டீச்சரம்மா, நாங்க காய்ச்சித்தானே சமைக்கிறோம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “பாட்டி, காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படும்” என்றேன். அவர் வேறொன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தம் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, “இதையும் பார்த்துச் சொல்லு” என்றார். அதன் பிறகு தெருவே சொம்போடு வந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்ததுதான். ‘விழிப்புணர்வோடு இருங்கள்’ என்று சொல்லிவிட்டு நாங்கள் திரும்பியிருந்தால் அன்று மாலையே எல்லாம் மறந்து போயிருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சில வாரங்களே இருந்ததால், அங்கன்வாடிச் சமையலுக்குக் காவிரி நீர் மட்டுமே தரப்பட வேண்டும், அந்தக் கைப்பம்பில் குடிக்கவும் சமைக்கவும் கூடாது என்று எழுதி வைக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேட்பது என்று அப்பெண்களே முடிவு செய்தார்கள். பல் முளைக்கும் பருவத்துப் பிள்ளைகளுக்கே பாதிப்பு அதிகம் என்பதால் அங்கன்வாடியை முதலில் வைத்தது மிகச் சரியான தேர்வு. கிராம சபையில் பேசியவரும் அந்தப் பாட்டிதான். இரண்டும் தீர்மானப் பதிவேட்டில் ஏறின. கைப்பம்புக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் எழுப்பிய, மழைநீர்த் தொட்டி வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்கு இப்போது என்னை அழைக்காமல் அவர்களே மனு எழுதுகிறார்கள்.

ஓசூரிலிருந்து, ஒரு விவசாயி:

ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு எங்கள் பக்கத்து நிலையையும் சொல்லத் தோன்றுகிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் புறத்துக் கழிவுநீரை வாங்கிக்கொண்டுதான் எங்களிடம் வருகிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால், சோப்புத்தூள் கலந்த நீர் விழுந்து அடிபட்டு, வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பிக் காற்றில் வயல்வரை பறந்து வருகிறது. “மேலே இருக்கிறவன் விடுறான், கீழே இருக்கிற நாம என்னங்க பண்றது?” என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எப்போதும் சொல்வார். இரு மாநில விவகாரத்தில் ஒரு தக்காளி விவசாயியின் குரல் எங்கே கேட்கும் என்ற அவருடைய எண்ணத்தை வெறும் வார்த்தைகளால் மாற்ற முடியவில்லை.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “அண்ணே, நுரை வரும் நாளைத் தேதியோடு எழுதுங்கள், செல்போனில் ஒரு படம் எடுங்கள், வேறொன்றும் வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டேன். நுரை வந்த நேரம், நாற்றம், பாத்தியில் நின்றபோது காலில் ஏற்பட்ட அரிப்பு என்று நான் கேட்காதவற்றையும் அவர் எழுதத் தொடங்கினார். எழுதப்பட்ட தேதிக்குத் தனி வலிமை உண்டு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாகப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நோட்டின் நகலை இணைத்துக் கொடுத்தோம். வாய்ச்சொல்லாகச் சொன்னபோது ‘பார்க்கலாம்’ என்று முடிந்த விஷயம், இம்முறை நீர் மாதிரி எடுக்க ஆள் வருமளவுக்கு நகர்ந்தது.

இன்னொன்றும் நடந்தது. தேதி குறிக்க ஆற்றங்கரைக்குப் போய்வந்த அண்ணன், எங்கள் ஊர்ச் சாக்கடை ஓடையும் அதே ஆற்றில் கலப்பதைக் கவனித்து, அதையும் அதே நோட்டில் எழுதிவிட்டார். இப்போது ஊராட்சியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அந்த ஓடையைப் பற்றியதுதான். ஆசிரியையிடம் ஒன்று கேட்க வேண்டும்: நாங்களே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதாயின் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆசிரியையின் பதில்:

ஃபுளோரைடு பார்ப்பதற்குக் கண்ணாடிப் புட்டி வேண்டாம்; கண்ணாடியோடு அது வினைபுரியும் என்பதால் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியே ஏற்றது. எடுக்கப்போகும் நீராலேயே புட்டியை மும்முறை அலசுங்கள். கைப்பம்பு என்றால் சில நிமிடங்கள் அடித்து விட்டபின் பிடியுங்கள். இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் புட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். உங்கள் ஆற்று நீருக்கு என்னென்ன சோதனை தேவை, எந்தப் புட்டி, எத்தனை மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர் மாதிரியை வெயிலில் வைத்தால் கணக்கே மாறிவிடும், ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். புட்டியை அண்ணனே நிரப்பட்டும்.