டப்பாவுல போட்ட நம்பரை நம்பலாமா? சேலம், ஏற்காடு ஆளுங்களோட கேபிள், ஃபான்ட், கேசட் அனுபவங்கள்

நாலுரோடு_கேபிள்

கேபிள், ஃபான்ட், கோடெக் (பாட்டைச் சுருக்கி வைக்கிற முறை), கேசட்னு எதுல மாட்டியிருந்தாலும் எழுதுங்க. நம்ம ஊர் ஆளுங்க அனுபவமா இருந்தா நல்லது, இடம் எல்லாம் விளக்க வேண்டியதில்ல. முதல் போணி நான்.

போன முகூர்த்த சீசன்ல நாலு ரோடு பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற கடையில உட்கார்ந்திருந்தேன். வீடியோ எடுக்கற தம்பி ஒருத்தர் எஸ்எஸ்டியைச் சொருகிட்டு, "அண்ணா, டிரைவ் போயிடுச்சு போல, நகரவே மாட்டேங்குது"ன்னார். 128 ஜிபி காப்பி ஆக ஒரு மணி நேரம் காட்டுது. டிரைவ் மேல ஒரு குத்தமும் இல்ல. அவர் மாட்டியிருந்தது போன் சார்ஜரோட வந்த டைப்-சி கேபிள். உள்ள யூஎஸ்பி 2.0 கம்பி மட்டும்தான். 480 மெகாபிட்னு பேரு, நடைமுறையில வினாடிக்கு 40 மெகாபைட் வந்தாலே பெரிய விஷயம். டிரைவோட வந்த குட்டைக் கேபிளைத் தேடி எடுத்து மாட்டினோம். டீ வாங்கி வந்து குடிச்சு முடிக்கறதுக்குள்ள மொத்தமும் ஏறிடுச்சு.

டைப்-சிங்கறது வாயோட வடிவம், அவ்வளவுதான். 24 பின்னுக்கு இடம் இருக்கு, அதுல எத்தனைக்குக் கம்பி இழுத்திருக்காங்கன்னு வெளிய இருந்து பார்த்தா தெரியாது. 2023ல வந்த ஐபோன் 15ல சாதா மாடலுக்கு 2.0 வேகம், புரோவுக்கு 10 ஜிகாபிட். ஓட்டை ரெண்டுக்கும் ஒண்ணேதான். பேர் வெச்ச லட்சணம் அதை விட மோசம். 2008ல யூஎஸ்பி 3.0ன்னு வந்ததை 2013ல 3.1 ஜென் 1 ஆக்கி, 2017ல 3.2 ஜென் 1 ஆக்கினாங்க. மூணுக்கும் வேகம் அதே 5 ஜிகாபிட். 2022லதான் இந்த வாய்ப்பாடெல்லாம் வேண்டாம், ஜிகாபிட்டையும் வாட்டையும் மட்டும் அச்சடிங்கன்னு லோகோ மாத்தினாங்க.

லேப்டாப் சார்ஜ் பண்றவங்க இதையும் கவனிங்க. 3 ஆம்பியருக்கு மேல போகணும்னா கேபிளுக்குள்ளயே ஒரு சின்ன சிப் இருந்து "நான் தாங்குவேன்"னு சார்ஜர்கிட்ட சொல்லணும். அது இல்லாட்டி 60 வாட்டோட நின்னுடும். பிளாட்பாரத்துல "100 வாட் ஓடும் சார்"னு கூவி விக்கிறதுல அந்த சிப் இருக்குமான்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

செவ்வாய்ப்பேட்டை_அச்சு

கேபிளாவது தூக்கிப் போட்டு வேற வாங்கலாம். எங்க பொழப்பு ஃபான்ட்ல மாட்டியிருக்கு.

எங்க அச்சகத்துல பக்கம் அமைக்கற பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுது. 2001ல வந்த சாமான், இப்ப போன்ல, நெட்ல ஓடற எழுத்துக் குறியீடான யூனிகோட்னா அதுக்கு என்னன்னே தெரியாது. கல்யாணப் பத்திரிகை மேட்டர் இப்ப எல்லாரும் வாட்ஸ்அப்லதான் அனுப்பறாங்க. அப்படியே எடுத்து ஒட்டினா வரிசையா கேள்விக்குறி. அதனால கன்வெர்ட்டர்ல போட்டு பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்டுக்கு மாத்தி ஒட்டறோம். அந்த பாமினி ஃபைலை ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா 'தமிழ்'ங்கறது ஜே, கே, பி, ஓ, கூட ஒரு அரைப்புள்ளின்னு இங்கிலீஷா நிக்கும். ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது. இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, அதுக்குத் தமிழ் முகமூடி போட்டது ஃபான்ட்.

இதோட வினை எங்க வந்து விடியும்னு ஒரு சங்கத்தோட உறுப்பினர் பட்டியல் வந்தப்போதான் பார்த்தேன். பழைய பாமினி ஃபைல், யூனிகோட்ல மாத்தி எக்செல்ல போட்டுத் தரணும். மாத்தியாச்சு, அச்சும் அழகா வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு சங்கத்துல இருந்து போன். "ஏங்க, கௌசல்யான்னு தேடினா பாதிப் பேரைத்தான் காட்டுது. பட்டியல்ல பேரு இருக்கு, கண்ணால பாக்கறேன், கம்ப்யூட்டர் இல்லைங்குது."

ரெண்டு கௌசல்யாவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்ல. கர்சரை முதலெழுத்துக்குப் பின்னாடி வெச்சு பேக்ஸ்பேஸ் தட்டினேன். முதல் பேர்ல 'க' மட்டும் நின்னுச்சு. ரெண்டாவது பேர்ல 'கெ' நின்னுச்சு. அதாவது ரெண்டாவது ஆளுக்கு ஔகாரக் குறியே இல்ல. ஒற்றைக்கொம்பு, க, அதுக்குப் பக்கத்துல நிஜமான ள. டைப்ரைட்டர்ல படிச்சு வந்த கைக்கு அதுதான் பழக்கம், தாள்ல சரியா விழுந்தா போதும்னு அடிச்சிருக்காங்க. யூனிகோட்ல ௌ தனிக் குறியீடு. கண்ணுக்கு ஒண்ணு, தேடலுக்கு ரெண்டு ஆள்.

இதைக் கேட்டதும் கடைத் தம்பி, "அண்ணா, எங்கெல்லாம் கொம்போட ள வருதோ அங்கெல்லாம் ௌ போட்டு ரீப்ளேஸ் ஆல் குடுத்துடலாமா"ன்னான். குடுத்தா என்ன ஆகும்? நம்ம ஊர்ல வெள்ளிப்பட்டறை இல்லாத தெரு உண்டா? அந்த 'வெள்ளி'யில இருக்கறதும் அதே கொம்பு, வ, ள தானே. அத்தனை வெள்ளியும் நாசமாப் போயிருக்கும். ளவுக்குப் பின்னாடி புள்ளியோ, கொக்கியோ, காலோ வந்தா தொடாதே, இல்லைன்னா மாத்துன்னு விதி எழுதித்தான் ஓட்டினோம். அப்பவும் 'வெளவால்' மாதிரி மாத்த வேண்டியதும் இருக்கு, பேச்சு வழக்குல எழுதின 'வெளக்கு' மாதிரி மாத்தக் கூடாததும் இருக்கு. மிச்சத்தைக் கண்ணால பார்த்துத்தான் திருத்தணும்.

யூனிகோட்ல தமிழுக்கு 128 இடம்தான் குடுத்தாங்க, 247க்கும் தனி இடம் வேணும்னு இன்னும் சண்டை போடறவங்க இருக்காங்க. 1999ல சென்னை மாநாட்டுல டாம், டேப்னு ரெண்டு குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. 2010ல அரசாணை போட்டு யூனிகோடை ஏத்துக்கிட்டாங்க, கூடவே ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் குடுக்கற டேஸ் 16ங்கற குறியீட்டையும் வெச்சுக்கிட்டாங்க. என்னைக் கேட்டா அந்த வழக்கு முடிஞ்சு போச்சு. டேஸ் எவ்வளவு லட்சணமா இருந்தாலும் கஸ்டமர் போன்ல அடிக்கிறது யூனிகோட். எனக்குக் குறியீட்டோட அழகு வேண்டாம், எதிராளி அனுப்பறது என் மெஷின்ல திறக்கணும்.

சேர்வராயன்_காப்பி

மேல ஏற்காட்டுல எங்க எஸ்டேட் பக்கத்துலயே ரெண்டு ரூம் வாடகைக்கு விடறோம். வர்ற கெஸ்ட்ல ஆடியோ பைத்தியம் அப்பப்ப ஒருத்தர் சிக்குவார்.

இந்த வருஷம் மே மாசம், கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவுல பெங்களூர்ல இருந்து ஒரு சார். காதுல எல்டாக்னு (ஒயர்லெஸ்ல பாட்டு அனுப்பற ஒரு கோடெக்) எழுதின ஹெட்போன், ஐபோன்ல எல்லாம் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக், அதாவது தரம் குறையாமச் சுருக்கின ஃபைல். "எம்பி3 எல்லாம் காதுக்குப் பண்ற துரோகம்"னார். சார், ஐபோனுக்கு எல்டாக்ல அனுப்பத் தெரியாதுங்களே, ஏஏசிங்கற வேற கோடெக்கா மாத்தித்தானே ஹெட்போனுக்குப் போகுதுன்னேன். ஒத்துக்கல. பீபெர்ரிங்கற உசத்திக் காப்பிக் கொட்டையா தேடி வாங்கி, அரைக்கும்போது பாதிக்குப் பாதி சிக்கரி போட்ட கதைதான் இது.

சாயங்காலம் கரண்ட் போச்சு, வேற வேலையும் இல்ல. அவர்கிட்டயே ஒயர் ஹெட்போனும், டிஜிட்டலை ஒலியா மாத்தற டேக்னு சின்ன டப்பாவும் பையில இருந்துச்சு. அவரோட ஃப்ளாக்ல இருந்தே ஒரு பாட்டை 256 கிலோபிட் ஏஏசி ஆக்கி, ஒலி அளவைச் சமமா வெச்சு, எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போட்டேன். முதல்ல அடிச்சுச் சொன்னார். அப்புறம் "இன்னொரு தடவை போடுங்க"ன்னார். அதுக்கப்புறம் பேச்சு மிளகுக்கொடி பக்கம் திரும்பிடுச்சு.

சிடியோட 44.1 கிலோஹெர்ட்ஸ்ல (வினாடிக்கு 44,100 அளவீடு) 22 கிலோஹெர்ட்ஸ் சத்தம் வரைக்கும் பதியலாம். நல்ல இளம் காதுக்கே 20தான் எல்லை, என் வயசுக்கு அதுவும் கிடையாது. 16 பிட்டுக்கு 96 டெசிபல். ராத்திரி தோட்டத்துல சிள்வண்டு கத்தற சத்தத்துக்கு மேல அத்தனையையும் கேக்கணும்னா செவிடாகற அளவுக்கு வெக்கணும். பாட்டு கேக்கறதுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் தண்டச் செலவு. அந்தக் காசுல நல்ல ஸ்பீக்கர் வாங்குங்க.

நாலுரோடு_கேபிள்

அந்த 44.1ங்கற அரைகுறை நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? அப்ப டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்தான் கதி. வீடியோ படத்துல ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள் (ஒலி அளவீடு), ஒரு ஃபீல்டுக்கு (பாதிப் படம்) 245 கோடு, வினாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்க, 44,100. ஐரோப்பா முறையில 3, 294, 50. அதுவும் 44,100. 1982ல சிடி வந்தப்போ அதுவே ஒட்டிக்கிச்சு.

குகை_ரெக்கார்டிங்

காப்பிக்கார அண்ணா சொல்றது கேக்கறவரைக்கும் சரி. சேத்து வைக்கிறதுக்கு அந்த நியாயம் செல்லாது.

எங்கப்பா சேலம் குகை ஏரியாவுல ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருந்தார். லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, 60, 90 கேசட்ல பதிஞ்சு குடுப்போம். கடை எப்பவோ மூடியாச்சு, டெக் ரெண்டு மிச்சம். இப்ப பழைய கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கறேன்.

தாரமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு பையன் அவங்க தாத்தா ஆடின தெருக்கூத்துக் கேசட் கொண்டுவந்தான். தாத்தா கூத்து வாத்தியாரா இருந்தவர். விடிய விடிய நடந்த கூத்தை யாரோ டேப்ரெக்கார்டரை மேடை ஓரத்துல வெச்சுப் பிடிச்சிருக்காங்க. என் டெக்ல போட்டா வாய்ல துணி அடைச்ச மாதிரி இருக்கு. மிருதங்கம் கேக்குது, முகவீணை எங்கேயோ தூரத்துல. பையன் "டேப் வீணாப் போச்சுங்களாண்ணா"ன்னு முகம் வாடிட்டான்.

டேப் நல்லாத்தான் இருந்துச்சு. பதிஞ்ச மெஷினோட ஹெட் (டேப்பைத் தொட்டுப் பதியற, படிக்கற பாகம்) ஒரு சாய்வுல இருந்திருக்கு, என்னோடது வேற சாய்வு. ஹெட்டுக்கு ஒரு பக்கம் ஸ்பிரிங் வெச்ச ஸ்க்ரூ இருக்கும், கேசட் கதவோட மூடியைக் கழட்டினா தெரியும். மோனோவுல போட்டு, பாட்டு ஓடும்போதே சின்ன திருப்புளியால மயிரிழை மயிரிழையா திருப்பினேன். கால் சுத்து கூட வரல, முகவீணை 'கிர்'ருன்னு முன்னாடி வந்து நின்னுச்சு. தாண்டினா திரும்ப மங்குது. அந்த உச்சியில நிறுத்திட்டு, முதல்ல இருந்து ஏத்தினேன். பையன் ஒண்ணும் பேசல, போனை எடுத்து அவங்க அம்மாவுக்குப் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினான்.

ஏத்தறவங்களுக்கு ரெண்டு விஷயம். டால்பி பிங்கற இரைச்சல் குறைக்கற முறையைப் போட்டுப் பதிஞ்ச கேசட்டை டால்பி இல்லாம ஓட்டினா கீச்சுன்னு இருக்கும், பதியாததுக்கு டால்பி போட்டா மந்தமாகும். உறையில எழுதியிருந்தாலும் காதால கேட்டு முடிவு பண்ணுங்க. சாய்வு சரிபண்ணிட்டுத்தான் இதைப் பார்க்கணும், முன்னாடி பார்த்தா ஏமாந்து போவீங்க. நான் 24 பிட் 48ல எடுக்கறேன். கேசட் இரைச்சலுக்கு 16 பிட்டே தாராளம், ஆனா பதியற லெவலைப் பயமில்லாம தணிச்சு வெச்சுக்கலாம். ஃப்ளாக்ல ஒரு பிரதி. அது 2001ல இருந்து இருக்கு, யாருக்கும் காசு குடுக்க வேண்டாம், ஒரு பிட்டும் குறையாது. 2024 கடைசியில ஆர்எஃப்சி 9639ன்னு இணையத் தரமாவே பதிவாயிடுச்சு. சொந்தக்காரங்களுக்கு அனுப்ப எம்பி3 ஒரு பிரதி.

மைக்செட்_தம்பி

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எங்க தெருவுக்கு ரேடியோ செட் கட்டறது நாங்க. ஒரு ஐடி அண்ணன் 128 ஜிபி பென் டிரைவ்ல ஃப்ளாக்கா அம்மன் பாட்டு கொண்டுவந்தாரு. ஆம்ப்ளிஃபயர்ல இருக்கற போர்டு டிரைவையே பாக்கல. எக்ஸ்ஃபேட்ங்கற புது முறையில ஃபார்மேட் பண்ணியிருக்காரு. சின்ன டிரைவ்ல பழைய முறையான ஃபேட் 32 போட்டுக் குடுத்தா டிரைவைப் பாக்குது, பாட்டைப் பாக்கல. எம்பி3 ஆக்கித்தான் ஓடுச்சு. குழாய் ஸ்பீக்கர்ல அதுக்கு மேல என்னத்தை கேக்கப் போறோம், அண்ணன் மட்டும் பூசாரி கூப்பிடற வரைக்கும் முணுமுணுத்துட்டே இருந்தாரு. எம்பி3க்கு லைசன்ஸ் வாங்கறது 2017லயே முடிஞ்சு போச்சாமே, அப்ப இன்னும் என்ன கோவம்?

அஸ்தம்பட்டி_ஸ்பெக்ட்ரம்

ஃப்ளாக்னு பேர் போட்டதெல்லாம் ஃப்ளாக் இல்ல, அதையும் சொல்லிடறேன். ஒரு கடையில "80ஸ் ஹிட்ஸ், ஹை-ரெஸ்"னு பென் டிரைவ் விக்கறாங்க. ஒரு பாட்டு 40, 50 எம்பி வருது. வாங்கி, பாட்டுல எந்த அதிர்வெண் வரைக்கும் சத்தம் இருக்குன்னு படமாக் காட்டற ஸ்பெக்குங்கற இலவச மென்பொருள்ல போட்டேன். படத்துல 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நேர்கோடு, அதுக்கு மேல கருப்பு. 128 கிலோபிட் எம்பி3யை ஊதிப் பெருக்கி ஃப்ளாக் ஆக்கினா இப்படித்தான் இருக்கும். எம்பி3 ஆக்கும்போது போனது திரும்ப வராது, சைஸ் மட்டும் ஏறும். பழைய டேப்ல இருந்து எடுத்ததுக்கும் மேல சத்தம் குறைவாத்தான் இருக்கும், ஆனா அது கொஞ்சம் கொஞ்சமா மங்கும், இப்படி மட்டம் வெச்சு நிக்காது. பாட்டுக்குப் பாட்டு ஒரே உயரத்துல கோடு நின்னா சந்தேகமே வேண்டாம்.

திரும்பப் போய் கடைக்காரர்கிட்ட லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பொறுமையாப் பார்த்தாரு. "எனக்கும் தெரியும் தம்பி. முன்ன 4 ஜிபியில இதே பாட்டைப் போட்டு வெச்சிருந்தேன், ஒருத்தரும் தொடல. 64 ஜிபின்னு ஒட்டினேன், வாரத்துல தீந்து போச்சு"ன்னாரு.

குகை_ரெக்கார்டிங்

அந்தப் பாட்டு லிஸ்டை மட்டும் இங்க போடுங்க. கேசட்ல எங்கிட்ட எது இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.