ஐ.சி.யு.வில் அப்பா யாரையும் அடையாளம் தெரியாமல் பேசுகிறார்: இது தெளியுமா?

வள்ளியூர் மகன்:

அப்பாவுக்கு 74 வயது. அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்று இரவு தெளிவாகத்தான் இருந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததா, மோட்டாரை நிறுத்தினாயா என்றுகூட என்னிடம் கேட்டார்.

மறுநாள் மாலையிலிருந்து ஆளே மாறிவிட்டார். ஐ.சி.யு.வைப் பஸ் என்று நினைக்கிறார். செவிலியர்களிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்கிறார். "என் விசில் எங்கே, யார் எடுத்தது?" என்று கத்துகிறார். நான் போய் நின்றால், "நீ எந்த ஊரில் ஏறினாய்?" என்கிறார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்ததால் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மா சாப்பிடவே இல்லை.

காலையில் ஓரளவு தெளிவாக இருக்கிறார். பொழுது சாய்ந்தால் மறுபடியும் அதே கதை. "வயதானவர்களுக்கு இப்படி வரும், சரியாகிவிடும்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்து மூளையைக் கெடுத்துவிட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்கிறார் சித்தப்பா. அத்தை மந்திரித்த திருநீறு வாங்கி வந்திருக்கிறார். உள்ளே விடுவது காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். இது மனநோயா? தெளியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி மருமகள்:

தம்பி, உங்கள் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது டெலிரியம். காய்ச்சலில் ஜன்னி கண்டுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகைதான். உடம்பில் எங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைத் தற்காலிகமாகக் கலக்கிவிடுகிறது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். இது சில மணி நேரத்தில் வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் போகும். பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடுகிறது. சிலருக்குச் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் ஆகும்.

என் மாமியார் தலைமையாசிரியையாக இருந்தவர். நிமோனியா வந்து மதுரையில் ஐ.சி.யு.வில் இருந்தபோது, அவருக்குக் கஞ்சி ஊட்டப்போன என்னைக் காட்டி, "இவள் அதில் விஷம் கலந்திருக்கிறாள், உள்ளே விடாதீர்கள்" என்று நர்ஸிடம் சொன்னார். அத்தனை வருடம் ஒரே அடுப்படியில் நின்றவர்கள் நாங்கள். வாசலில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பேச்சு நோயின் பேச்சு. உங்கள் அப்பா "நீ எந்த ஊரில் ஏறினாய்" என்று கேட்டதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா கண்ணாடி போடுபவரா? காதுக் கருவி உண்டா? அதை முதலில் பாருங்கள். சேர்க்கும்போது சங்கிலி, வளையல், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். நகையைக் கழற்றுவது நியாயம். கண்ணாடியைக் கழற்றினால் அந்த மனிதர் எதை வைத்துத் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்? கூரைப் பலகையில் இருந்த புள்ளிகளெல்லாம் என் மாமியாருக்கு எறும்பாக ஊர்ந்தன. மானிட்டர் சத்தம் காதில் அரைகுறையாக விழுந்து, மாடியில் மாவு மில் ஓடுகிறது, நிறுத்தச் சொல் என்றார். ஜன்னல் கிடையாது. இரவிலும் விளக்கு எரியும். அந்த இடத்தில் படுத்திருந்தால் நமக்கே இன்று என்ன கிழமை என்று தெரியாது.

கண்ணாடியையும் காதுக் கருவியையும் திரும்ப மாட்டிவிட்ட பிறகு எறும்பு போய்விட்டது. மில் இன்னும் கொஞ்ச நாள் ஓடியது.

இன்னொன்று செய்தோம். ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம்: இவர் கணக்கு டீச்சர், 'டீச்சர்' என்று கூப்பிட்டால் திரும்புவார், இடது காது கேட்காது, சர்க்கரை இல்லாத காப்பி, இரவில் வலப்பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும். அதற்கு முன்பு அவர் "ஏழாம் நம்பர் பெட்". தாளை ஒட்டிய பிறகு, இரவில் வரும் நர்ஸ் "டீச்சர், பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணை என்றும் மறக்கமாட்டேன். உங்கள் அப்பாவின் தலைமாட்டிலும் அவர் நடத்துநர் என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டுத் தினசரிக் காலண்டரையும் கொண்டுபோங்கள்.

பேசும்போது வாதம் வேண்டாம். "இது பஸ் இல்லை" என்று அழுத்தினால் மிரட்சிதான் கூடும். ஆமாம் என்று கூடச் சேர்ந்து நடிக்கவும் வேண்டாம். ஒருவர் மட்டும் பக்கத்தில் போய், கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் உங்கள் மகன். ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். இடுப்பில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை, அம்மா வெளியே இருக்கிறார்" என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

மருத்துவரை நிறுத்திக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். "சரியாகிவிடும்" போதாது, எதனால் வந்தது என்று தேட வேண்டும். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச் சத்து எவ்வளவு? என் மாமியாருக்கு 121 இருந்தது, 135-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்காகச் சாப்பிட்டுவந்த நீர் பிரியும் மாத்திரைதான் காரணம் என்று கண்டுபிடித்து, மெதுவாக ஏற்றினார்கள், அவசரமாக ஏற்றக் கூடாதாம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று, வலி அடங்கியிருக்கிறதா, ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறதா, எல்லாவற்றையும் கேளுங்கள். வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது கூச்சலாகத்தான் வெளியே வரும்.

அத்தை கொண்டுவந்த திருநீற்றை நெற்றியில் பூசிவிடுங்கள். பழகிய வாசனையும் பழகிய விரலும் அவருக்கு ஆறுதல்தான். கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும் பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கிற வசதி வீட்டில் கிடையாது.

இரவுப்பணி செவிலி:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

கையைக் கட்டுவதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. ஒருவர் டிரிப்ஸைப் பிடுங்கும்போது பக்கத்துக் கட்டிலில் இன்னொருவருக்கு மூச்சுத் திணறும். ஆனால் கட்டினால் குழப்பமும் பயமும் கூடும் என்பதும் உண்மை. அதனால் இப்படிக் கேளுங்கள்: "நான் பக்கத்தில் உட்காருகிறேன், அதுவரை அவிழ்த்து விடுகிறீர்களா?" பொறுப்புச் செவிலியரிடம் மெதுவாகக் கேட்டால், முக்கியமாக மாலை நேரத்துக்கு, பல இடங்களில் இசைவார்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அடிக்கடி அவிழ்த்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிறுநீர் போவதற்காகச் செருகியிருக்கும் குழாய் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். பாதிப் பேர் அந்த எரிச்சலில்தான் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம். அப்பா குடிப்பாரா? தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வியர்வை, பிதற்றல், வலிப்புகூட வரும். உயிருக்கே ஆபத்து. அதற்கான மருந்து வேறு, கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட வேண்டும். மரியாதை போய்விடும் என்று சேர்க்கும்போது மறைத்துவிடுகிறார்கள். வருடக்கணக்காகச் சாப்பிட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் இதே மாதிரி வரும். அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

மணப்பாறை வாசகர்:

கத்துகிறவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். என் அப்பா சத்தமே இல்லாமல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தொந்தரவில்லாத நோயாளி என்று சொன்னார்கள். ஒரு செவிலியர் மட்டும் சந்தேகப்பட்டு, சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். வெள்ளியோடு நின்றுவிட்டார். அதுவும் டெலிரியம்தானாம். அமைதியான வகை, பலமுறை கண்ணுக்குத் தப்பிவிடும். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை அவரிடமே பக்குவமாகச் சொல்லுங்கள். என் அப்பா, தன்னைக் கடத்திக்கொண்டு போய் ஓர் அறையில் அடைத்துவைத்ததாக மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இது பலருக்கும் வருவதுதான் என்று சொன்ன பிறகே பழையபடி தூங்கினார்.

வள்ளியூர் மகன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன்.

அப்பா குடிப்பதில்லை. ஆனால் தூக்க மாத்திரை பற்றிக் கேட்டதும் அம்மா சுருக்குப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அல்பிரசோலம். இரவுப் பேருந்தில் ஓடிய காலத்திலிருந்து தூக்கம் வராமல் சாப்பிடுகிறாராம், எங்கள் யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் காட்டினேன். இந்த முறை நின்று கேட்டார். மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார், எலும்பு கூடிய பிறகு மெல்லக் குறைத்து நிறுத்தலாம் என்றார். சோடியமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், முடிவு வரவில்லை.

கண்ணாடியைக் கொடுத்தேன். தாளும் ஒட்டியாகிவிட்டது. மாலையில் அரை மணி நேரம் அம்மாவை உள்ளே விட்டார்கள், அந்த நேரம் முழுவதும் கட்டை அவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்பா இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறார். ஆனால் அம்மாவைப் பார்த்ததும், "நீ ஏன் நின்றுகொண்டு வருகிறாய், உட்கார்" என்றாராம்.

வீட்டுக்கு அழைத்துப் போகும் பேச்சைச் சித்தப்பா விட்டுவிட்டார். செவிலி அக்கா, குழாய் பற்றிக் காலையில் கேட்கிறேன். இன்னொரு சந்தேகம்: பிசியோதெரபிக்காக நாளை எழுப்பி உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். இந்த நிலையில் எழுப்பலாமா?

இரவுப்பணி செவிலி:

தாராளமாக. பகலில் உட்காரவும் நடக்கவும் வைத்தால்தான் இரவில் தூக்கம் வரும், குழப்பமும் சீக்கிரம் குறையும். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தைக் கேட்டுவைத்து, வீட்டு ஆள் ஒருவர் அப்போது பக்கத்தில் இருங்கள்.