சாத்துக்குடி சார்பெட் கல்லாக உறைகிறது, கசக்கவும் செய்கிறது: வழி சொல்லுங்க

குழுவில் உள்ளவர்களுக்கு வணக்கம். ஐஸ்கிரீம் மெஷின் இல்லாமல் சார்பெட் (பால் சேர்க்காமல் பழச்சாற்றை உறையவைக்கும் ஐஸ்) செய்யும் அளவு இது: சாத்துக்குடிச் சாறு 600 மி.லி., சர்க்கரை 170 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. சாற்றில் கால் பங்கை மட்டும் லேசாகச் சூடாக்கிச் சர்க்கரையைக் கரைத்து, மீதியைப் பச்சையாகவே சேர்த்து, நன்றாகக் குளிரவைத்த பிறகே ஃப்ரீசருக்குப் போகிறது. அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறி, மூன்று மணி நேரம் கழித்து மிக்ஸியில் ஒரு சுற்று.

அன்றைக்குப் பதம் அருமை. மறுநாள் மைனஸ் 18 டிகிரியில் கரண்டி இறங்கவில்லை. சாற்றின் இனிப்பையும் சேர்த்தால் மொத்தச் சர்க்கரை 27 சதவீதம் வரும், அதனால் பதம் இளக இன்னும் சர்க்கரையைக் கூட்டினால் திகட்டும். சர்க்கரையில் 40 கிராமைக் குறைத்து லிக்விட் குளுக்கோஸ் (இனிப்பு குறைந்த குளுக்கோஸ் பாகு) சேர்க்கலாமா? எவ்வளவு? பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கப் போடும் பொருள்) போட்டவர்கள் உண்டா?

அடுத்தது கசப்பு. விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கினால், பிழிந்த சாறு நிற்க நிற்கக் கசக்கும், சூடு பட்டால் இன்னும் அதிகம். கையால் பிழிந்து உடனே வடிகட்டியும் லேசாகத் தங்குகிறது. பாதிக்குக் கமலா ஆரஞ்சு கலந்தால் குறையுமா? செய்து பார்த்தவர்கள் கிராம் கணக்கோடு சொன்னால் பெரிய உதவி.