சுகர் எல்லைல நிக்குது, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

ரங்கூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 43, கடைல உக்காந்தே பாக்குற வேலை. போன மாசம் ரத்தம் எடுத்துப் பாத்ததுல மூணு மாச சராசரி சுகர் 6.1 வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம், மாத்திரை இப்ப வேணாம் சாப்பாட்ட பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு டாக்டர் அடுத்த ஆள கூப்ட்டாரு. என்னத்த பாக்குறது? அம்மா வெந்தயத்த ஊறப்போட்டு தினம் காலைல நீட்டுது, மச்சான் சோத்தையே விட்டுருங்குறான், மெட்ராஸ்ல இருக்க சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல வரகு, சாமைன்னு அனுப்பிக்கிட்டே இருக்கு, இங்க ரங்கூன்ல வரகுக்கு நான் எங்க போவேன். பதினஞ்சு நாள் சோறில்லாம இருந்தேன், பதினாறாம் நாள் ஒரு கல்யாணத்துல ரெண்டு தட்டு டான்பவுக், அதான் பர்மா பிரியாணி, உள்ள போயிருச்சு. நமக்கு எது ஒத்துவரும்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

பெகு மாமா:
தம்பி, சோறு கெடக்கட்டும், நாளைக்கு எத்தன டீ குடிக்கிற அத சொல்லு மொதல்ல. டீல ஊத்துற டின்பால்ல (கன்டென்ஸ்டு மில்க்) பாதிக்கு மேல சர்க்கரைதான், 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 55 கிராம். ஒரு பெரிய கரண்டி 20 கிராம்னு வச்சாலும் 11 கிராம் சர்க்கரை ஆச்சு, டீக்கடைக்காரன் ஒரு கரண்டியோட நிறுத்துவானா? நான் நாளைக்கு ஆறு சோ செய்ன், அதான் டின்பால் ஊத்துன இனிப்பு டீ, அடிச்ச ஆளு. இப்ப காலைல ஒண்ணு, மத்த நேரமெல்லாம் மேசைல சும்மா வைக்கிற யேனுவேஜான், அதான் பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் டீதான். மொத வாரம் தலைவலி, யாரப் பாத்தாலும் கோவம், வீட்டுக்காரி பேசறதயே நிறுத்திட்டா.

தக்கேதா அக்கா:
மாமா சொல்றது சரி, ஆனா அது அவருக்கு சரி. நீ சுகர் மெஷின் ஒண்ணு வாங்கு தம்பி. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவ, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ குத்திப் பாத்து நோட்டுல எழுது. மெஷின்ல சொருகுற பட்டி (ஸ்ட்ரிப்) காசு கூட, அதனால தினம் வேணாம், வாரத்துக்கு ரெண்டு சாப்பாடு போதும். இட்லி நம்ம சாப்பாடு, ஆவில வெந்தது, ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன், நாலு இட்லிக்கு 188 காட்டுச்சு! மொகிங்கால (மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ்) நூடுல்ஸ கொறச்சு முட்டையும் வாழத்தண்டும் கூட போட்டு சாப்ட்டா 150தான். உனக்கு தலைகீழா வரலாம், எனக்கு வந்தத பாத்து இட்லிய விட்டுறாத. ஒரே சாப்பாட்ட ரெண்டு நாள் பாரு, ராத்திரி கரண்ட் இல்லாம புழுக்கத்துல தூங்காத மறுநாள் எனக்கு எத சாப்ட்டாலும் கூடத்தான் காட்டும். அப்புறம் நடை. காண்டாஜி ஏரிக் கரைல போய் நடன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பஸ் புடிச்சு அங்க போறதுக்குள்ள பாதி நாள் போயிரும். நான் ராத்திரி சாப்ட்ட கையோட தெரு முக்கு வரைக்கும் கால் மணி நேரம் போய்ட்டு வருவேன், அவ்ளோதான், அதுக்கே 20, 30 கொறையுது.

மோல்மீன்காரன்:
சுகர் மாத்திரை போடறவங்க யாராச்சும் இத படிச்சா ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைய போட்டுட்டு சாப்பாட்ட விட்டா சுகர் தடாலுன்னு எறங்கிரும். எங்கப்பா காவடி விரதத்துல மாத்திரைய மட்டும் விடாம போட்டு, வேர்த்து விறுவிறுத்து கோயில் வாசல்லயே விழுந்துட்டாரு, சர்க்கரத்தண்ணி குடுத்துத்தான் எழுப்புனோம். விரதம் இருக்கலாம், டாக்டர்ட்ட கேட்டு மாத்திரைய மாத்திக்கிட்டு இருங்க. ரங்கூன் அண்ணே, ஒல்லியாத்தான இருக்கேன்னும் நெனைக்காதீங்க, நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ (உயரத்த வச்சு எடைய பாக்குற கணக்கு) 23 தாண்டுனாலே கவனிக்கணும்.

ரங்கூன்வாசி:
அக்கா, மெஷின் வாங்கிட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு தட்டு சோறு, பருப்பு, கீரை, மீன் சாப்ட்டு 148. ரெண்டு சோ செய்னும் ஒரு ஈச்சாக்குவேயும் (எண்ணெய்ல பொரிச்ச நீள மாவுப் பலகாரம்) சாப்ட்டு 191! பெகு மாமாக்கு ஒரு கும்பிடு. சோறு ஒரு தட்டோட நிக்குது, டீ ஒண்ணாயிருச்சு, வரகு மெசேஜ மியூட் பண்ணியாச்சு. வெந்தயத்துனால எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, ஆனா அத அம்மாட்ட யாரு சொல்றது, குடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.