டிஸ்மேன்னா ஏமாற்றமா, அதிர்ச்சியா?

*முத்தியால்பேட்டை தெருக் குழு*

*சுமதி:* டீச்சர், பாப்பாவோட கைடுல 'டிஸ்மே' (dismay)ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு 'ஏமாற்றம்'னு மட்டும் போட்டிருக்கு. அதையே எழுதலாமா?

*கலா டீச்சர்:* பாதிதான் சரி சுமதி. எதிர்பார்த்தது வரலைன்னா ஏமாற்றம், அதுக்கு டிசப்பாயிண்ட்மென்ட் இருக்கே. டிஸ்மேல பயமும் சேர்ந்து வரும். 'இனிமே என்ன பண்றது'ன்னு தெம்பே விட்டுப் போயிடும்.

*ரவி:* அப்ப அதிர்ச்சின்னு போட்டுட வேண்டியதுதானே

*கலா டீச்சர்:* அது ஷாக். இன்ப அதிர்ச்சி உண்டு, இன்ப டிஸ்மே கிடையாது 😄

*செல்வம் அண்ணன்:* எங்க பண்ருட்டிப் பக்கம் வெச்சு சொல்றேன். முந்திரி காய்ப்பு கொறஞ்சா விவசாயிக்கு ஏமாற்றம். 2011 டிசம்பர் 30, 'தானே'ங்கிற புயல் ஓஞ்சதும் தோப்புக்குப் போறான், மரம் பூரா வேரோட சாஞ்சு கெடக்கு. புதுக் கன்னு வெச்சா காய்ப்புக்கு வர வருஷக்கணக்காகும். அங்க நிக்கிறான் பாரு, அதான் டிஸ்மே.

*வாசு சார்:* செல்வம் சொன்னது வேர்ச்சொல்லுக்கே பொருந்துது. இது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போன சொல். முன்னாடி இருக்கிற 'தெஸ்', இல்லாம ஆக்குறது. பின்னாடி இருக்கிறது 'இயலும், வலு உண்டு'ங்கிற ஜெர்மானிய வேர். இங்கிலீஷ் 'மே', 'மைட்' ரெண்டும் அதே வேர்தான். ஆக, இருக்கிற வலுவைப் பிடுங்கிக்கிறது. ஸ்பானிஷ்ல 'தெஸ்மாயோ'ன்னா மயக்கமே. பிரெஞ்சுல 'எமுவா' இதுக்குப் பங்காளி, ஆனா அது மனக்கிளர்ச்சிப் பக்கம் போயிடுச்சு. அலியான்ஸ்ல பிரெஞ்சு படிக்கிற பசங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க.

*சுமதி:* வலு போறதுன்னா நம்ம 'கையும் ஓடல காலும் ஓடல' தானே சார்?

*வாசு சார்:* அதேதான்மா. எந்த அகராதிக்காரனும் இதைவிட நல்லா சொல்லிட முடியாது.

*மேரி அக்கா:* யோசுவா 1:9 பாருங்க. பழைய இங்கிலீஷ் பைபிள்ல 'நீதர் பி தவ் டிஸ்மேட்'. நம்ம தமிழ்ல 'திகையாதே, கலங்காதே'.

*கலா டீச்சர்:* அருமை மேரி. 'கலங்கு'தான் நெருக்கமான சொல். குறள் 593லயும் 'ஆக்கம் இழந்தேமென்று அல்லாவார்'னு வருது. சொத்து போச்சேன்னு கலங்க மாட்டாங்க, யாரு? ஊக்கம் உள்ளவங்க.

*ரவி:* கான்ஸ்டர்னேஷன்னு ஒண்ணு இருக்கே, அதுவும் இதேவா?

*கலா டீச்சர்:* அதுல பதற்றமும் குழப்பமும் தூக்கல். இதுல மனசு உடையறது தூக்கல்.

*சுமதி:* பாப்பா வாக்கியம் எழுதியிருக்கா: 'ஐ டிஸ்மேட் டு சீ மை மார்க்ஸ்.'

*கலா டீச்சர்:* 'வாஸ்' எங்க? 'ஐ வாஸ் டிஸ்மேட்'னு வரணும். இந்தத் தப்பு நம்ம பசங்களுக்கு ஏன் வருதுன்னா, தமிழ்ல 'கலங்கினேன்'னு தன்வினையா ஒரே சொல்லுல முடிச்சிடுறோம். இங்கிலீஷ் டிஸ்மே பிறவினை, அதாவது 'கலக்கு'. செய்திதான் நம்மளக் கலக்கும். 'ஐ டிஸ்மேட்'னு நிறுத்தினா 'நான் கலக்கினேன்'னு ஆயிடும்.

*ரவி:* மார்க்கைப் பார்த்து கலக்கிட்டா 😂😂

*கலா டீச்சர்:* ரவி! சுமதி, இன்னும் கொஞ்சம் நோட்ல குறிச்சிக்கச் சொல்லு. பின்னாடி பெயர்ச்சொல் வந்தா 'அட்' இல்லாட்டி 'பை', வினை வந்தா 'டு': 'டிஸ்மேட் அட் தி நியூஸ்', 'டிஸ்மேட் டு ஃபைண்ட்'. பெயர்ச்சொல்லா வரும்போது எண்ண முடியாதது, 'டிஸ்மேஸ்'னு பன்மை போட வேணாம். 'டு மை டிஸ்மே'ன்னு வாக்கியம் ஆரம்பிச்சா உடனே ஒரு காற்புள்ளி. சொல்லும்போது அழுத்தம் 'மே'ல.

*மேரி அக்கா:* கதைப் புத்தகத்துல காபித்தூள் தீர்ந்ததுக்கெல்லாம் 'மச் டு ஹிஸ் டிஸ்மே'ன்னு போடறாங்களே?

*கலா டீச்சர்:* அது கிண்டலுக்குப் பெருசு பண்றது. அங்க போய் 'பெருங்கலக்கமுற்றான்'னு மொழிபெயர்த்தா சிரிப்பு வராது. 'அய்யோன்னு ஆயிடுச்சு' போதும்.

*சுமதி:* அப்ப பரீட்சைல பொருள் கேட்டா?

*கலா டீச்சர்:* 'கலக்கம், மனத்தளர்ச்சி'. ஒரே சொல்தான் எழுதணும்னா கலக்கம்.

*செல்வம் அண்ணன்:* எல்லாம் சரி, நாளைக்கு காலைல தண்ணி வராதாம். டேங்க்கை இப்பவே ரொப்பி வெச்சுக்கங்க.

*ரவி:* டு மை டிஸ்மே,