சொல் தேவை: அறுவைக்கு முன் தோலில் தடவுவதற்கு

செவிலியர் கல்லூரி ஆசிரியை எழுதியது:

வணக்கம். இரண்டாமாண்டு மாணவியருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறுவைக்கு முன் தோலில் ஆன்டிசெப்டிக் தடவும் பாடத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. 'தோல் தயாரிப்பு' என்று போட்டேன். "ஆம்பூரிலா, வாணியம்பாடியிலா மேடம்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது.

'கிருமிநாசினி' என்றால் வார்டில் தரை துடைக்கிற வாளிதான் அவர்கள் கண்ணில் வருகிறது. உயிருள்ள தோலுக்கு ஒரு சொல், தரைக்கும் மேசைக்கும் வேறு சொல் வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் 'பெயின்ட் பண்ணு' என்போம். அச்சில் போட முடியாது. 'பார்ட்ஸ் பிரிப்பரேஷன்' என்றால் பிளேடை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிளேடால் மழித்தால் நுண்கீறல் விழும், தொற்று கூடும், முடி இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் எடுத்தால் போதும் என்று அதற்கொரு வகுப்பு தனியாக எடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'புரைத்தடுப்பி' இருக்க வேறேன் அம்மா? உள்ளே குழிந்து அழுகியதைப் 'புரையோடிய புண்' என்று நாட்டுப்புறத்தானும் சொல்வான். 'புரைதீர்ந்த நன்மை' என்று வள்ளுவர் குற்றம் என்னும் பொருளில் ஆண்டார். தொல்காப்பியர் உரியியலில் 'புரை உயர்பு ஆகும்' என்கிறார். ஒரே சொல் பள்ளத்தையும் உயர்வையும் குறிப்பது எப்படி? புண் உள்ளே குழிகிறது, வெளியே வீங்குகிறது! இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

கண் மருத்துவர்:

எழுத வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் நோயாளிக்குப் புரை என்றால் கண்புரை மட்டும்தான். அந்த அறுவைக்கு முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற ஆன்டிசெப்டிக்கைக் கண்ணில் விடுகிறோம். அதைப் 'புரைத்தடுப்பி' என்றால், "இதை முன்னாடியே விட்டிருந்தா புரையே வந்திருக்காதே டாக்டர்" என்பார் பாட்டி. நான் என்ன பதில் சொல்ல?

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அன்பர்:

எங்கட பக்கம் அறுவைக்குச் சத்திரசிகிச்சை, செவிலியருக்குத் தாதியர், ஆல்கஹாலுக்கு மதுசாரம் எல்லாம் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. 'தொற்றுநீக்கி' என்பதும் அப்படித்தான். நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள்?

ஆசிரியை:

தொற்றுநீக்கி அழகான சொல். ஆனால் அங்கும் அது தரைக்கும் சேர்த்துத்தானே? மேலும் நாங்கள் தடவும்போது தொற்று இன்னும் வரவே இல்லை. வராததை எப்படி நீக்குவது?

பாடத்தின் சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், அட்டவணைக்குச் சொற்கள் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. 2010இல் வந்த ஓர் ஆய்வில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் (இன்னொரு ஆன்டிசெப்டிக்) தடவியவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், தண்ணீரில் கரைத்த பொவிடோன் அயோடின் தடவியவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் அறுவைப் புண்ணில் தொற்று வந்தது. உடனே கேள்வி எழுந்தது: ஜெயித்தது குளோர்ஹெக்சிடினா, ஆல்கஹாலா? 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைத்தது. 2024இல் வந்த எலும்பு முறிவு ஆய்வில் இரண்டு பக்கமும் ஆல்கஹால் இருந்தது. தோல் கிழியாத முறிவுகளில் தொற்று அயோடினுக்கு 2.4, குளோர்ஹெக்சிடினுக்கு 3.3 சதவீதம். ஆக, கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டிலை எடுக்க முடியாது. கண், உள்காது, சளிச்சவ்வுப் பக்கம் ஆல்கஹால் கலந்ததைக் கொண்டுபோகவே கூடாது.

ஸ்பாஞ்ச் ஹோல்டர் இடுக்கியில் காஸ் துணியைப் பிடித்து, கீறப்போகும் இடத்தில் தொடங்கி வெளியே போகச் சொல்வேன். கை நிறைய நனைத்தால் வழிந்து முதுகுக்குக் கீழே தேங்கும். தேங்கியது ஆல்கஹாலாக இருந்து, காயுமுன் டயதெர்மி (மின்சாரத்தால் ரத்தக்கசிவை நிறுத்தும் கருவி) பொறி பட்டால் தீதான். 3 நிமிடமாவது காயவிட வேண்டும். இவ்வளவும் அடங்குகிற ஒரு சொல்!

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

கிரேக்க மூலத்தில் செப்சிஸ் என்றால் அழுகல். கிருமி பற்றி ஒன்றும் தெரியாத 18ஆம் நூற்றாண்டிலேயே ஆன்டிசெப்டிக் என்ற சொல் வந்துவிட்டது. அறுவை மருத்துவர் லிஸ்டர் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துப் புண்ணில் வைத்தது 1865இல். எனவே நேர்ச்சொல் 'அழுகல்தடை'.

கண் மருத்துவர்:

ஒப்புதல் படிவத்தில் 'அழுகல்' என்று இருந்தால் நோயாளி எழுந்து போய்விடுவார்.

தமிழாசிரியர்:

அப்படியென்றால் 'தோல்காப்பு'? புண்பட்டவன் இருந்த வீட்டில் வேம்பு செருகி, ஐயவி (வெண்கடுகு) தூவிக் காத்ததைப் புறநானூறு பாடுகிறது. காப்பு நம் சொல். கிருமி வடசொல், பழைய பொருள் புழு. கழுத்தில் புழு வைத்த கிருமிகண்ட சோழன் கதை கேட்டதில்லையா? 'அறுவை'யும் சங்க காலத்தில் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர், சர்ஜன் அல்லர்!

மொழிபெயர்ப்பாளர்:

தோல்காப்பு என்றால் வெயிலுக்குத் தடவும் கிரீம் ஐயா. இப்போது நடப்பதற்கும் 'அறுவை' என்றுதான் பெயர்.

ஆசிரியை:

வியாழன் இரவு ஆகிவிட்டது. 'தோல் கிருமிநீக்கம்' என்று தலைப்பிடுகிறேன். தடவுகிற மருந்து 'தோல் கிருமிநீக்கி', தரைக்குக் 'கிருமிநாசினி'. 'தோல்' இல்லாமல் அந்தச் சொல் கையேட்டில் எங்கும் வராது. ஆல்கஹால் ஆல்கஹாலாகவே இருக்கும். 'சாராயத்தால் துடைப்போம்' என்று வார்டில் சொல்லிப் பார்த்தேன், வேண்டாம். ஐந்து பேர் சரி என்றார்கள், அதில் மூன்று பேர் களைப்பில்.

யாழ்ப்பாண அன்பர்:

தொற்றை நீக்க முடியாது, கிருமியை நீக்கலாம் என்கிறீர்கள். சரி. ஆனால் எங்கட பதிப்பு வந்தால் நான் தொற்றுநீக்கி என்றுதான் எழுதுவேன்.

தமிழாசிரியர்:

புரைத்தடுப்பியை நான் கைவிடவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். அப்புறம் அம்மா, 'கிருமிநீக்கம்' என்பதைச் சேர்த்து எழுதுகிறீர்களா, பிரித்தா? பக்கம் 14இல் ஒரு மாதிரியும் 17இல் வேறு மாதிரியும் இருக்கிறது.